அடித்தட்டின் கீழே

இலக்கியத் தொடரொன்றிலே பழைய காரின் கறளைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கக்கூடும். கறள் என்ற சொல்லே எனக்குப் போதுமான சாட்டு. தமிழகத்தார் துரு என்பதை நாங்கள் கறள் என்கிறோம். துரு என்றதும் எனக்குத் தேங்காய்த் துருவல்தான் நினைவுக்கு வருகிறது. கறள் என்றால்தான் விரலில் செம்பொடியாக ஒட்டும் அந்தச் சாமான் கண்முன் நிற்கிறது.

திருகோணமலையிலே பிறந்தவனுக்கு அது பழகிய சாமான். எங்கள் நகரத்துக்கு ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். வாடைக்காற்று ஒரு பக்கத்து உப்பைக் கொண்டுவரும்; கச்சான் வீசத் தொடங்கினால் மற்றப் பக்கத்து உப்பு வரும். யன்னல் பிணைச்சல், தையல் இயந்திரம், வாளிப் பிடி எதுவும் தப்பாது. நிலாவெளியிலே உப்பு விளைவிக்கிறார்கள். நகரத்திலே நாங்கள் விளைவிக்காமலே அது வந்து சேருகிறது.

என்னுடைய கார் ஒரு மொரிஸ் மைனர். 1955 ஆம் ஆண்டுக்குரியது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக நடுவில் பிரிந்திருக்கும். 803 சீ.சீ. எஞ்சின். ஏற்றத்தில் எங்களைப் போலவே மூச்சு வாங்கும். சிறீ எழுத்து வருவதற்கு முந்திய, இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் இலக்கத் தகடு. 1979 இல் வாங்கினேன். அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இந்த நாட்டில் இருந்த இங்கிலீசுக் கார்கள்தான் வருடக்கணக்காகத் தைத்துத் தைத்து ஓடின. 1977 இல் கதவு திறந்து யப்பான் கார்கள் வரத் தொடங்கியதும் பழையவை மலிந்தன. அப்போது நான் இளம் ஆசிரியன். பளபளவென்று புதுப் பெயின்ற் பூசியிருந்த காரைப் பார்த்து மயங்கிப் போனேன்.

அந்த வருட மாரி முடிய முன்பே கதவுக்குக் கீழே கொப்புளங்கள் போட்டன. நகத்தால் சுரண்டினால் பெயின்ற் உரிந்தது, அதன் கீழ் பட்டி உதிர்ந்தது, அதற்கும் கீழ் ஒன்றுமே இல்லை. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் காரைச் சுற்றிலும் தடவிப் பார்த்திருந்தால் பட்டி உள்ள இடங்களில் அது பிடிக்காமல் விழுந்திருக்கும். இந்த அறிவு எனக்குக் காசு கொடுத்த பிறகுதான் வந்தது. விற்றவரை நான் முப்பது நாற்பது வருடம் திட்டியிருக்கிறேன்.

இந்தக் காருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. அடித்தட்டும், கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி போன்ற சில்லும், குறுக்குச் சட்டமும் சேர்ந்துதான் முதுகெலும்பு. பழைய லொறியில் உடம்பு கறள்பிடித்தாலும் சட்டம் தாங்கும். இதிலே உடம்பு போனால் எல்லாம் போச்சு. இரும்பு ஒட்சிசனோடும் நீரோடும் கூடிக் கறளாகும்போது பல மடங்கு இடத்தைப் பிடிக்கிறது. இரண்டு தகடுகள் சேரும் பொருத்துக்குள் அது வளர்ந்தால் தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். நடுவில் உப்பு இருந்துவிட்டால் காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொண்டு வேலை செய்யும். மழை வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டிருந்தவரை காருக்கும் எனக்கும் சமாளிப்பு இருந்தது. 2022 தான் கெடுத்தது. பெற்றோல் வரிசையும் கியூ.ஆர். கோட்டும் உங்களுக்கு மறந்திராது. சீனன்குடாவிலே பிரித்தானியர் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 12,000 கனமீற்றர் கொள்ளும். அவற்றில் ஒன்று 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோனது. மற்றவற்றில் பல காட்டுக்குள் வெறுமையாக நின்று கறள்பிடித்தன. 2022 சனவரியிலேதான் அவற்றை யார் யார் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அதே வருடம் அதே ஊரில் நான் ஐந்து லீற்றருக்காகக் குடையோடு நின்றேன். வீட்டு வேப்பமரத்தடியிலே கார் மாதக்கணக்காக அசையாமல் நின்றது. சருகு, ஈரம், உப்புக்காற்று மூன்றும் அதன் வயிற்றுக்குள் குடியிருந்தன.

அடுத்த வருடம் மகள் விற்கச் சொன்னாள். நியாயம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தபடியால் பழைய தகரத்துக்கும் பொன் விலை. உப்புவெளிப் பக்கத்து இளைஞன் ஒருவன் வந்து பார்த்தான். கலியாணங்களுக்கு வாடகைக்கு விட மொரிஸ் மைனருக்கு நல்ல கிராக்கியாம். விலையும் பேசியாயிற்று. “இரண்டு கிழமையில காசோட வாறன் சேர்” என்று போனான்.

அந்த இரண்டு கிழமைக்குள் காரை ஒப்பேற்ற வேண்டும். ஒரு கராஜிலே மூன்று நாளில் பட்டி போட்டு, அடியில் தார் அடித்து, புத்தம் புதுசாகத் தருவதாகச் சொன்னார்கள். கூலியும் கொஞ்சம்தான். உண்மையைச் சொல்கிறேன், சம்மதிக்கத்தான் இருந்தேன். அவர்களுக்கு நேரம் கிடைக்காதபடியால் அநுராதபுரச் சந்திப் பக்கம் இருந்த கிண்ணியா நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். கப்பல் தகட்டிலே கைபழகிய வயதான மனிதர்.

அவர் பேசாமல் ஜக்கை எடுத்துச் சில்லின் நடுவிலே கொடுத்து உயர்த்தினார். ஜக் உயர்ந்தது, கார் உயரவில்லை. கறுக் கறுக் என்று ஒரு சத்தம். ஜக் சில்லுக்குள் புகுந்துவிட்டது.

பிறகு சுத்தியலின் பிடியால் அடித்தட்டைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு மணிபோல் கேட்கும், செத்த தகடு அட்டைபோல் கேட்கும். பின் வில்லின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தில் அட்டைச் சத்தம்.

“சேர், இது கழண்டா பின் அச்சே இழுபடும். இதுக்கு மேல பட்டி பூசச் சொல்லாதீங்க. நான் செய்யமாட்டன்.”

“வாங்குற பொடியன் பிறகு செய்வான்தானே நானா?”

“அவருக்குத் தெரிஞ்சாத்தானே செய்வாரு.”

சில்லை வெட்டித் திறந்தபோது உள்ளே சீமெந்தும் கசங்கிய கடதாசியும் அடைத்திருந்தது. அதை மூடியிருந்தது எண்ணெய்த் தகரத்தில் வெட்டிய துண்டு. யாரோ பாவி என்று வாயெடுத்தேன். அந்தத் துண்டைப் புரட்டிய பிறகு மிச்சச் சொல் வரவில்லை. 1994 இல் கையில் காசில்லாத ஒரு மாதத்திலே, “எப்படியாவது மலிவாக முடித்துத் தா” என்று நானே சொல்லிச் செய்வித்த ஒட்டு அது. அதற்கு மேலே மூன்று பிள்ளைகளை ஏற்றிக் கன்னியா வெந்நீரூற்றுக்கும் நிலாவெளிக்கும் போய் வந்திருக்கிறேன்.

இளைஞன் சொன்ன நாளில் வந்தான். நானாவின் கராஜுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தான்.

“இதை ஏன் சேர் எனக்குக் காட்டுறீங்கள்? பட்டி போட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டனே.”

என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நானா இல்லாவிட்டால் நான் காட்டியிருப்பேனா என்பதும் தெரியாது. அப்பாவோடு பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான், வரவில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலை நாலு மாதம் இழுத்தது. முதலில் பெற்றோல் தாங்கியைக் கழற்றினார், பற்றரியைப் பிரித்தார். கதவுகளைக் கழற்ற விடவில்லை. சில்லை வெட்டும்போது உடம்பு தொய்ந்தால் கதவு இடைவெளியைப் பார்த்தே கண்டுகொள்ளலாமாம். அடியில் கட்டை முட்டுக் கொடுத்து ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட்டார். கறளின் ஓரத்தில் நிறுத்தாமல், வெள்ளித் தகடு தெரியுமட்டும் வெட்டினார். புதுத் தகட்டை வெல்டிங் செய்து, நீர் வடிய அடியில் துளையும் விட்டார். அதன்பின் நல்ல தண்ணீரால் நாலைந்து தரம் கழுவிக் காயவிட்டதுதான் எனக்குப் புதினம். குழிக்குள் உப்பு மிஞ்சினால் எந்தப் பெயின்ற்றும் அதன் மேல் நிற்காது என்றார். மாரியில் பெயின்ற் தொடவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கப்பலின் அடியில் நாகக் கட்டி பூட்டுவார்களே, அதைக் காருக்கும் பூட்டினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். சேர் ஹம்ப்ரி டேவி 1824 இலேயே செம்புத் தகடு போர்த்த கப்பல்களில் இதைச் சோதித்தவர் என்று வகுப்பில் படிப்பித்த பெருமை எனக்கு. “கப்பல் கடலுக்குள்ள கிடக்கு சேர். உங்கட கார் கடலுக்குள்ளயா கிடக்கு?” என்றார். சரிதான். இரண்டையும் ஒரே நீர் தொட்டுக்கொண்டிருந்தால்தான் நாகம் கரைந்து இரும்பைக் காக்கும். திருகோணமலை என்றே பெயருள்ள பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817 இல் பம்பாயில் கட்டப்பட்டது. இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் உடம்பு தேக்கு. எங்கள் ஊரின் பெயரைச் சுமந்தும் கறளுக்குத் தப்பியது அது ஒன்றுதான் போலும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையின் தென்பகுதியிலே இந்தக் காரின் தகடுகளை அடித்து அனுப்பினார்கள். வெள்ளைக்காரனின் காரிலே இலங்கைத் தகடு ஏறியிருந்த அதே காலத்தில்தான் என் காரிலே எண்ணெய்த் தகரம் ஏறியது.

கார் வெளியே வந்தபோது பங்குனி. முன் மட்காட் ஒன்று இன்னும் அடிப்பூச்சோடு சிவப்பாகவே இருந்தது, கைக்காசு அவ்வளவுதான். விற்கிற பேச்சை மகளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆவணியிலே அந்த இளைஞன் திரும்பி வந்தான். வாங்குவதற்கல்ல. மூதூரில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம். “கலியாணத்துக்கு உங்கட காரைத் தருவீங்களா சேர்? நீங்களே ஓட்டிக்கொண்டு வாங்கோ.”

பூக்கட்டி, சிவப்பு மட்காட்டை மாலையால் மறைத்து, மாப்பிள்ளையையும் தோழனையும் ஏற்றிக்கொண்டு போனேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன் அந்த இடத்தைப் பாதையில்தான் கடப்போம். பாலத்தில் ஏறியதும் உப்புக்காற்று யன்னலால் அடித்தது. பின்னால் இரண்டு பொடியன்களும் பெரிதாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்து, பாலத்தின் ஒவ்வொரு பொருத்திலும் பின் வில்லின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே போனேன்.