போத்தலும் விளம்பரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



மது தீது என்று இச்சபையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். மதுபானம் புற்றுநோயை விளைவிப்பது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவினால் மாண்டனர் என உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. ஆதலால் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது மதுவைப் பற்றியன்று. மதுவுக்கு மாலை சூட்டி ஊர்வலம் விடும் விளம்பரத்தைப் பற்றியேயாம்.

போத்தலுக்குள் இருப்பது இன்னதென்று விளம்பரம் சொல்வதில்லை. அதைக் கையில் எடுத்தவன் எத்தகையவன் ஆவான் என்றே சொல்கிறது. கடற்கரையையும் நண்பர் கூட்டத்தையும் விளையாட்டு வெற்றியையும் காட்டுகிறது. வெறுங்கையோடு வீடு திரும்பும் தகப்பனையும் அடைவு வைத்த தாலிக்கொடியையும் அது ஒருநாளும் காட்டுவதில்லை.

“குடிப்பவன் தன் விருப்பத்தாற் குடிக்கிறான், எதைக் குடிப்பது என்பதையே விளம்பரம் கூறுகிறது” என்பர் சிலர். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால், பழைய குடிகாரரிற் சிலர் நோயால் மடிகின்றனர், சிலர் திருந்திவிடுகின்றனர். அவ்விடத்தை நிரப்ப யார் வேண்டும்? இன்னும் குடித்தறியாத இளைஞரே வேண்டும். விளம்பரத்தின் கண் எம்மீதுதான் இருக்கிறது.

பிரான்சு தேசம் திராட்சை மதுவுக்குப் பேர்போனது. அங்கேயே 1991ஆம் ஆண்டில் ‘ஏவின் சட்டம்’ பிறந்தது. அது தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் மது விளம்பரத்தைத் தடுத்தது. அனுமதித்த இடங்களிலும் எங்கே செய்தது, எப்படிச் செய்தது, வலு எவ்வளவு என்பன போன்ற விபரங்களையே கூறவிட்டது. 1998ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அங்கு நடந்தபோது, போட்டிக்குப் பணம் தரும் பியர் நிறுவனம்கூட மைதானத்தில் தன் பெயரை வைக்க இயலவில்லை. பண்டத்தின் விபரத்தைச் சொல்லலாம், கனவை விற்கலாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம்.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்தது; 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் விலக்கியது. நல்ல சட்டமே. ஆயினும் முன்வாசலை அடைத்தாற் கோடிப்புறத்தால் வருவது கள்வன் இயல்பு. இந்தியாவிலே தொலைக்காட்சி விளம்பரம் தடைப்பட்டபின், அதே பெயரும் அதே சின்னமும் சோடாவிலும் குடிநீரிலும் இசைத்தட்டிலும் ஏறி வந்தன. இன்றோ கைத்தொலைபேசித் திரையே பெரிய விளம்பரப் பலகை!

சென்ற ஆண்டு எமது விளையாட்டு விழாவுக்குப் பணம் தேடி அலைந்தபோது ஒருவர் வந்தார். “பெயர் வேண்டாம், மைதானத்தில் ஒரு சின்னம் மட்டும் போதும்” என்றார். அச்சின்னத்தை எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவனும் இன்ன சாராயத்தினது என்று அறிந்திருந்தான். அதுவே எம்மைத் திடுக்கிட வைத்தது. வாங்கலாம் என்றனர் எம்மிற் சிலர். இரவு வெகுநேரம் வாதிட்டு, ஈற்றில் மறுத்தோம். மிஷன் பாடசாலையில் மதுவிலக்குக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற எமக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. அவ்வாண்டு வெற்றிக் கிண்ணங்கள் சிறுத்தன. சங்கத்தின் பெயர் சிறுக்கவில்லை.

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். பெயர் மறைத்துச் சின்னம் காட்டுவதையும் கைத்தொலைபேசி வழியாக வருவதையும் பிடிக்கும்படி சட்டம் இறுக்கமாக அமுலாக வேண்டும். இளைஞர் சங்கம் எதுவும் மதுப் பணத்தைத் தொடலாகாது. பெரியோர்களே, மூன்றாவது உங்களுக்கு: நாம் மறுத்த பணத்தின் ஒரு பங்கையேனும் நீங்கள் தாருங்கள். இளைஞர் கைகள் வெறுமையாயிருக்கும் இடத்திலேதான் சாராய வியாபாரி வந்து நிற்கிறான்.