தலைநகரைச் சூழ்ந்த சிலாங்கூர்



சிலாங்கூர் மாநிலப் படத்தைக் கண்டதும், "உள்ளே ஏன் சார் ஓட்டை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஓட்டைதான் கோலாலம்பூர்.

1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் படகேறினார்கள். கோம்பாக் ஆறு கலக்குமிடத்தில் இறங்கி, அம்பாங்குக்குக் காட்டுவழியே நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். ஆயினும் ஈயம் கிடைத்தது. அவர்கள் இறங்கிய துறை ஊராகி, 1880-இல் மாநிலத் தலைநகரும் ஆயிற்று. 1886-இல் கிள்ளான் பக்கமிருந்து ரயிலும் வந்தது.

1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூருக்குப் புதுத் தலைநகர் வேண்டுமே! 1978-இல் ஷா ஆலம் அந்த இடத்தைப் பெற்றது. முன்பு அது சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற மண்.

2001-இல் கூட்டரசுப் பிரதேசமான புத்ராஜெயாவும் அப்படியே. அது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் 1921-இல் தொடங்கியது. 'பெரும்போர்' என்று பொருள். பெயர் வீரர்களுக்கு, பால் வெட்டியதோ நம்மவர்கள்.

இன்றைய படத்தில் இத்தோட்டப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனை மரம் வெட்டினார்கள் என்று இன்றிரவே கேளுங்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதட்டும்.