விழாத பல்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல் வைத்தியர் சங்கத்தைப் பற்றித் தமிழாசிரியர் பேசுவதா என்று தங்களிற் சிலர் நகைத்தல் கூடும். யாம் பல் வைத்தியர் அல்லேம். ஒரு பல்லையேனும் பிடுங்கியறியேம். ஆயினும் 2006-ஆம் ஆண்டு முதல் எம்மூர்ப் பல் வைத்தியர் சங்கத்தின் பள்ளிப் பரிசோதனைக் குழுவில் எழுத்துவேலை பார்த்து வருகின்றோம். அச்சங்கத்தார் பெற்றோருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட விரும்பி, அதன் தமிழைத் திருத்தித் தர ஓர் ஆளைக் கேட்டனர். எம் தலைமையாசிரியர் எம்மைக் காட்டிவிட்டார். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று சென்ற வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

அந்நாளிற் சங்கத்தின் காரியதரிசியாயிருந்தவர் முதுமையெய்திய ஒரு வைத்தியர். அவருடைய தந்தையார் கல்லூரி வாசலை மிதியாதவர். மூத்தவர் ஒருவருடன் இருந்து தொழில் கற்றவர். 1948-இற் பல் வைத்தியர் சட்டம் வந்தபோது, பட்டம் பெற்றோரை ‘ஏ’ பிரிவிலும், பட்டமின்றி ஐந்தாண்டுக்குக் குறையாமல் அத்தொழிலாலேயே பிழைத்து வந்தோரை ‘பி’ பிரிவிலும் பதிந்துகொள்ள அச்சட்டம் இடமளித்தது. தந்தையார் ‘பி’ பிரிவில் ஏறினார். 1953-இற் சென்னை மருத்துவக் கல்லூரியோடு பல் வைத்தியப் பிரிவு தொடங்கிய பின்னர், மகன் அங்கே கற்று ‘ஏ’ பிரிவில் ஏறினார். பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை அவர் வீட்டிலேயே கண்டவர். அதனாலேயே போலும், ஏடு என்றால் அவருக்கு அத்தனை பக்தி.

அவர் அடிக்கடி நினைவுகூர்பவர் டாக்டர் ரபியுதீன் அகமது. 1920-இற் கல்கத்தாவில் இந்நாட்டின் முதற் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவியவரும், 1925-இல் வங்காளப் பல் வைத்தியர் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அப்பெரியாரே. கல்லூரிச் செலவுக்கு அவர் நடத்திய ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்னும் கடையின் வருவாய் உதவிற்று. இனிப்புப் பானம் விற்றுப் பல் வைத்தியம் வளர்த்த மகான் என்று சொல்லிக் காரியதரிசி வாய்விட்டு நகைப்பார். அவருக்குச் சொந்தப் பல் இருபத்தேழு எஞ்சியிருந்தன. எண்ணிச் சொன்னவரும் அவரே.

இனி அப்பிரசுரத்தின் கதையைக் கேளுங்கள். பாற்பற்கள் இருபது, அவை விழுந்து வேறு பல் முளைக்கும். இஃது யாவரும் அறிந்ததே. ஆனால் ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னே, மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு கடைவாய்ப்பற்கள் புதியனவாகத் தோன்றுகின்றன. இவற்றுக்கு இடங்கொடுக்க எப்பல்லும் விழுவதில்லை. ஆதலின் அவை முளைத்ததையே வீட்டார் அறியார். அறிந்தாலும் பாற்பல் என்றே கொள்வர். இப்பற்களின் மேற்புறத்தில் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் உண்டு. அவற்றில் தின்பண்டம் தங்க, அதிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லை அரித்துச் சொத்தையாக்கும். பல் போனபின் அவ்விடத்தில் வேறு பல் முளையாது. அடுத்த பல் சாய்ந்து வரிசையும் கெடும். உரிய காலத்தில் அப்பள்ளங்களை ஒருவகைப் பசையால் அடைத்துவிட்டாலோ, சொத்தை பெரும்பாலும் தடைப்படும். அதற்கு ஊசியும் வேண்டா, வலியும் இல்லை.

இதனைத் தாய்மார்க்கு எப்பெயரால் உணர்த்துவது? வைத்தியர்கள் ‘முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்’ என்று எழுதியிருந்தனர். ‘நிலைப்பல்’ என்று சுருக்கலாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். எம் பள்ளியிற் சத்துணவு சமைக்கும் அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “விழாத பல்லுன்னு போடுங்களேன் சார்” என்றார். யாம் அக்கணமே எழுதிக்கொண்டோம். அதனினும் நல்ல கலைச்சொல்லை இந்நாள்வரை யாம் கண்டிலேம்.

காரியதரிசி ஓர் ஏடு வகுத்தார். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தப் பல், என்ன குறை. கடைசிப் பத்தியில் ‘மறுபடி பார்த்த நாள்’. அக்கடைசிப் பத்தியே அவருக்கு உயிர். முகாம் கூட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதை அவர் பரிசோதனையென்றே ஒப்பமாட்டார். சொத்தையென்று சொல்லிவிட்டுப் போவதற்கு வைத்தியன் எதற்கு, கண்ணாடி போதுமே என்பார். எம் கருத்தும் அதுவே. ஒரே தெருவில் எதிரெதிரே பலகை மாட்டி, ஒருவரோடொருவர் பேசாதிருந்த இரு வைத்தியர்கள், ஆண்டுக்கு ஒருநாள் ஒரே மேசையில் அமர்ந்து அவ்வேட்டை நிரப்பக் கண்டிருக்கின்றோம். மறுநாள் மீண்டும் பேசமாட்டார்கள்.

நெசவாளர் தெருவில் ஒரு சிறுமி. இரண்டாம் வகுப்பிலேயே கீழ்க்கடைவாய்ப்பல்லிற் கரும்புள்ளி கண்டு எழுதினோம். கடைசிப் பத்தி வெறுமையாகவே கிடந்தது. காரியதரிசியுடன் யாமும் இருமுறை வீடு தேடிச் சென்றோம். “விழுந்து முளைக்கிற பல்லுதானேங்க ஐயா” என்றார் தந்தை. தறியின் ஓசை நிற்கவில்லை. நான்காம் வகுப்பிற் கன்னம் வீங்கி, காய்ச்சலுடன் வந்தாள்; பல்லைப் பிடுங்க நேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு, தம்பிக்கு ஆறு வயது நிரம்பியவுடன், மடித்து மடித்துக் கிழிந்த எம் பிரசுரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு தாயே அவனை அழைத்துவந்தார். “விழாத பல்லு வந்திருச்சான்னு பாருங்க” என்றார். நான்கும் முளைத்திருந்தன, நான்கையும் அன்றே அடைத்தனர். காரியதரிசி கடைசிப் பத்தியில் நாளைக் குறித்து, அடியிற் கோடும் இழுத்தார்.

2018-இல் அவர் காலமானார். 2020 மார்ச்சிற் கொரோனாவாற் பள்ளிகள் மூடப்பட்டன. பரிசோதனையும் இரண்டாண்டு நின்றது. அக்காலத்தில் ஆறு வயதாயிருந்த பிள்ளைகளின் பெயர்க்கு நேரே ஏட்டில் ஒன்றுமில்லை. பின்னர்ப் பார்த்தபோது அவர்களிற் பலர்க்கு விழாத பல்லே சொத்தையாயிருந்தது. இப்போது பரிசோதனை நடைபெறுகிறது, வைத்தியர்களும் வருகின்றனர். வீடு தேடிச் செல்லத்தான் ஆளில்லை.

நம் சமூகத்திற் பல் வைத்தியம் கற்ற இளைஞர் எழுவர் இவ்வூரில் இருக்கின்றனர். சங்கத்திற் சேர்ந்தவர் இருவரே. ஏனைய ஐவரின் பெற்றோரும் இச்சபையில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை அறிந்தே சொல்லுகின்றோம். பட்டமில்லாதாரும் வரலாம். அடுத்த மாதம் முதற் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எம் பள்ளியிற் பரிசோதனை. தெளிவாக எழுதத் தெரிந்தவர் நால்வரும், மாலையில் நடக்கச் சலியாதவர் நால்வரும் வேண்டும். மைப்பேனா கொண்டுவரவேண்டா, ஈரம் பட்டால் ஏடு கலைந்துவிடும். பந்துமுனைப் பேனா யாமே தருவோம்.