நோய்க்காலமும் வீட்டுரிமையாளர் சங்கத் தேர்தலும்

நாட்டின் பொதுத் தேர்தலொன்று ஒத்திவைக்கப்பட்டால் உலகமெங்கும் அது செய்தியாகும். ஒரு வீதியில் வாழும் நூறு குடும்பங்கள் தம்முள் நடத்தும் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டால் அதனை அறிவார் யார்? 2020ஆம் ஆண்டிலே பரவிய கொள்ளைநோய், இவ்வினாவைப் பல இடங்களில் எழுப்பிற்று. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலமும் ஒன்று.

அம்மாநிலத்திலே புதிய குடியிருப்புகளில் வீடு வாங்குவோர் பலர், வீட்டுடன் ஒரு சங்கத்தின் அங்கத்துவத்தையும் சேர்த்தே பெறுகின்றனர். வீட்டுரிமையாளர் சங்கம் என்பது அதன் பெயர். பொதுவழி, பூங்கா, மாடிவீடாயின் கூரை ஆகியவற்றைப் பேணுதல் அதன் கடமை. இதற்கெனச் சந்தா அறவிடப்படும். சங்கத்தின் அலுவல்களை நடத்துவது, அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் நிர்வாக சபையாகும்.

இதன் அதிகாரத்தைச் சிறிதென்று எண்ணுதல் தவறு. வரவுசெலவுத் திட்டத்தை முறைப்படி அனுப்பிய சபை, அங்கத்தவரின் வாக்கைக் கேளாமலே சந்தாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வீதம் வரை உயர்த்தலாம். சந்தாப் பாக்கி 1,800 டொலரை எட்டினால், அல்லது 12 மாதங்களைக் கடந்தால், சட்டத்தின் படிமுறைகளைப் பின்பற்றி அக்கடனுக்காக வீட்டையே விற்பிக்கவும் தீர்மானிக்கலாம். அயலாரின் கையில் இத்தகைய அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு மக்கள் அமைதியாக உறங்குவது எதனால்? உரிய காலத்தில் அவரை மாற்றலாம் என்ற நம்பிக்கையால்.

அந்நம்பிக்கைக்கு அரண் செய்யும் சட்டமொன்று 2020 ஜனவரி 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடத்தவேண்டும். எவ்வாறாயினும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நடத்தியே தீரவேண்டும் என்றது அது. மார்ச் 4ஆந் தேதி மாநிலத்தில் அவசரநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 19ஆந் தேதி மக்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தது.

அவ்வேளையில் ஒரு சபை தன் ஆண்டுக் கூட்டத்தைத் தள்ளிவைத்ததாயின் அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. முதியோர் பலர் வாழும் குடியிருப்பிலே, ஒரு மண்டபத்தில் அனைவரையுங் கூட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். புதியவர் தெரிவாகும்வரை பழையவரே பதவியில் தொடரலாம் என்று சட்டமும் இடமளிக்கின்றது. ஆசனம் வெறுமையாதல் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் மறுதேதி குறிக்காமல் ஒத்திவைக்கும்போது அவ்விதியின் நிழலிலேயே பழைய சபை நீடித்துவிடுகின்றது. காவலுக்கு வந்தவன் வீட்டுக்காரனாகிவிடுகின்றான்.

உண்மையில் நோய் தடுத்தது எதனை? கலிபோர்ணியாச் சங்கங்களில் வாக்களிப்பு முன்னரே தபால் மூலம் நடக்கத்தக்கதாய் அமைந்திருந்தது. வாக்குச்சீட்டு, கடைசி நாளுக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் வீட்டுக்கு வந்துசேரும். வாக்காளர் அதனைப் பெயர் குறியாத உறையிலிட்டு, அவ்வுறையைத் தம் பெயருங் கையொப்பமும் உள்ள மற்றோர் உறையிலிட்டு அனுப்புவர். சபையினரும் வேட்பாளரும் அல்லாத தேர்தற் பரிசோதகர், அங்கத்தவர் காணத்தக்கதாகத் திறந்த கூட்டத்தில் அவற்றை எண்ணுவார். ஆகவே தடைப்பட்டது வாக்களிப்பன்று. எண்ணுதலைக் காண மக்கள் கூடுதலே.

இம்முடிச்சை அவிழ்க்கும் சட்டம் 2021 செப்டெம்பர் 23ஆந் தேதி வந்தது. பிரகடனஞ் செய்யப்பட்ட அவசரநிலையால் நேரிற் கூடுதல் ஆபத்தாகும் இடங்களில், தொலைபேசி, காணொளி ஆகியவற்றின் வாயிலாகக் கூட்டம் நடத்தலாம்; சீட்டுகளை எண்ணுவதை அங்கத்தவர் காணுமாறு படக்கருவியை வைக்கவேண்டும் என்று அது விதித்தது. நோய் வந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரே இவ்வழி பிறந்தது.

இடைப்பட்ட காலத்தில் அங்கத்தவர்க்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. நூற்றுக்கு ஐவர் ஒன்றுகூடி எழுத்து மூலம் கேட்டால் விசேட கூட்டம் அழைக்கப்படவேண்டும். கூட்டத்துக்குரிய நாள் கடந்து 60 நாட்களாகியும் அது நடைபெறாவிடின் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும், நாள்தோறும் வாயிலிற் காணும் அயலவர்மீது வழக்குத் தொடுக்க எத்தனை பேர் துணிவர்? சட்டத்தில் உள்ள உரிமை பெரும்பாலும் கூச்சத்தினாலேயே தோற்றுப்போகின்றது.

ஆதலால் பொறுப்பு முதலிற் சபையினருடையது. ஒத்திவைப்போர் மறுதேதியைக் குறித்தே ஒத்திவைத்தல் வேண்டும். காரணத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி அறிவித்தல் வேண்டும். காலங் கடந்து பதவியிலிருக்குங்கால், உடைந்த குழாயைத் திருத்துவது போன்ற அவசிய அலுவல்களைச் செய்து, பெருஞ் செலவுகளையும் வீட்டை விற்பிக்கும் தீர்மானங்களையும் வருஞ் சபைக்கு விட்டுவைத்தல் வேண்டும்.

கலிபோர்ணியாவின் அவசரநிலை 2023 பெப்ரவரி 28ஆந் தேதி முடிவுற்றது. கொள்ளைநோய் இனியும் வரலாம். வெள்ளமும் தீயும் வரலாம். பதவிக்காலம் முடிந்த நாளில் மக்கள் முன் வந்து நிற்கும் பழக்கம் சிறு சங்கங்களிற் பழகப்படுமாயின், பெரிய சபைகளிலும் அது நிலைக்கும்.