விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலருகே வாருங்கள்



சுடுமண் நகை, பனையோலைப் பெட்டி, குரோஷே பை, எம்பிராய்டரி என்று கையால் செய்து இணையத்தில் விற்கிறவர்கள் இன்று நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். பொருளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள், வந்ததும் எடுத்து நீட்டுவது தாங்கள் வாங்கி வைத்திருக்கும் ரிங் லைட்டை. அந்த விளக்கின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

லென்ஸைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் என்ற அமைப்பு, பல் மருத்துவர்கள் வாய்க்குள் நிழல் விழாமல் படமெடுப்பதற்காக வந்தது. பிறகு அது முகத்துக்கு வந்தது. எல்லாப் பக்கமிருந்தும் நேராக விழுகிற வெளிச்சத்தில் சுருக்கம் தெரியாது, தழும்பு தெரியாது. முகத்துக்கு அது சரி. ஆனால் கைவினைப் பொருளில் அந்தச் சுருக்கத்துக்கும் தழும்புக்கும்தானே காசு! ஓலை மடிந்த இடம், ஊசி ஏறி இறங்கிய இடம், சக்கரத்தில் குயவரின் விரல் விட்டுப்போன வரி, இவைதான் தொழிற்சாலைச் சரக்கிலிருந்து உங்கள் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. அத்தனையையும் ஒரு பொத்தானைத் தட்டி அழித்துவிடுகிறோம்.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். முன்னாலிருந்து வேண்டாம், தலைக்கு மேலிருந்தும் வேண்டாம். பக்கவாட்டில் வரட்டும்.

சன்னலை ஒட்டி ஒரு மேசை. சன்னல் உங்களுக்கு இடப்பக்கம். அறையில் எரிகிற டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்; பகல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள் என்று நிறம் குழம்பும். பொருளுக்கு வலப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையையோ தெர்மாகோல் பலகையையோ நிமிர்த்தி வையுங்கள். சன்னலிலிருந்து வருவதை அது திருப்பி அனுப்பும்; இருண்ட பக்கம் கொஞ்சம் தெளியும். கொஞ்சம்தான் தெளிய வேண்டும். நிழல் முழுக்கப் போய்விட்டால் அட்டையை ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்த அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகுவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

பத்தமடைப் பாய் விற்கும் அம்மா ஒருவருக்கு ஒருமுறை இதைச் செய்து காட்டினேன். கோரையை மெலிதாகக் கிழித்து நெய்த, பட்டுத் துணிபோல் மடிகிற நயமான பாய். அதுவரை அவர் போட்டிருந்த படங்களில் அது அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருந்தது. சன்னலோரம் விரித்து, வெளிச்சம் பாயின்மேல் உரசிக்கொண்டு போகும்படி மெதுவாகத் திருப்பினோம். ஒரு கோணம் வந்ததும் ஒவ்வொரு கோரைக்கும் தனித்தனியாக ஒரு நிழல் எழுந்தது. “என் நெசவு இப்பத்தான் தெரியுது சார்” என்றார். கேமரா அதே பழைய போன்தான்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன். கலிபோர்னியாவில் கார்மெல் என்ற கடலோர ஊரில் இருந்தார். 1930 ஆகஸ்ட் மாதம் அவர் குடைமிளகாய்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். சந்தையில் கிடைக்கிற காய்தான். பின்னால் துணி வைத்துப் பார்த்தார், வெள்ளை அட்டை வைத்துப் பார்த்தார், மனம் நிறையவில்லை. கடைசியில் ஒரு பெரிய தகரப் புனலைப் படுக்க வைத்து, அதன் வாய்க்குள் ஒரு காயை வைத்தார். சுற்றியிருந்த தகரம் இயற்கை வெளிச்சத்தை வாங்கிக் காயின் வளைவுகளில் மெல்லத் தடவியது. பல நிமிடங்கள் லென்ஸைத் திறந்து வைத்து அவர் எடுத்த அந்தப் படத்துக்கு ‘பெப்பர் நம்பர் 30’ என்று பெயர். கறுப்பு வெள்ளைப் படம். தேடிப் பாருங்கள். ஒரு மல்லனின் முதுகுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் காய்.

என்ன இருக்கிறது அந்தப் படத்தில்? காய்ந்த பூ இல்லை, சிதறவிட்ட காப்பிக்கொட்டை இல்லை, மரத்துண்டு இல்லை. ஒரு பொருள், ஒரு வெளிச்சம், வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப ஒரு தகரம். இன்று தெர்மாகோலை வைத்து நாம் செய்வதைத்தான் அவர் புனலை வைத்துச் செய்தார். உலகத்தில் பொருட்களை எடுத்த படங்களில் எனக்கு அதற்கு மேல் ஒன்றில்லை. இதில் யாரோடும் வாதாடத் தயார்.

சன்னல் என்றதும் மேல்நாட்டுப் புத்தகங்கள் வடக்குச் சன்னலைச் சொல்லும். அங்கே வடக்கில் வெயில் விழாது என்பதால் அப்படி. நமக்கு அது வருஷம் முழுக்கப் பொருந்தாது. சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சென்னையில் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். மதுரை, நெல்லையில் இன்னும் சில நாள் கூடுதல். ஆகவே திசையைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பாருங்கள். எந்தச் சன்னலில் நேர் வெயில் விழவில்லையோ அது நல்ல சன்னல். வேறு வழியில்லாமல் வெயில் விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். சன்னல் கம்பிகளின் நிழலும் அதோடு மறைந்துவிடும்.

பித்தளை, வெண்கலம், வெள்ளி விற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பளபளக்கும் உலோகத்துக்குத் தன் முகம் என்று ஒன்று கிடையாது. எதிரில் இருப்பதெல்லாம் அதன் முகம். ரிங் லைட் வைத்தால் குத்துவிளக்கின் வயிற்றில் ஒரு வெள்ளை வளையம் அப்படியே தெரியும். உலோகத்தைச் சுற்றி வெள்ளை அட்டைகளை நிறுத்தி, போனுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். விளிம்பு பின்னணியில் கரைந்துபோனால் அந்த ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை வையுங்கள். கோடு போட்டதுபோல் விளிம்பு எழுந்து வரும்.

போனில் செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மிக அருகில் போகாதீர்கள். பானையின் வயிறு ஊதிவிடும். இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொருளைப் போன் சாம்பலாக்கும், கறுப்பை வெளுப்பாக்கும். திரையைத் தொட்டு, வெள்ளைக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், கறுப்புக்குக் குறையுங்கள்.

வெள்ளைப் பின்னணி கட்டாயமா என்று கேட்கிறார்கள். அமேசானில் முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே விற்றால் அந்த ஒரு படத்தை அப்படி எடுத்துப் போடுங்கள். மற்றவை உங்கள் சன்னலோரத்துப் படங்களாகவே இருக்கட்டும்.

இப்போது புதிதாக ஒரு மோகம். போனே பின்னணியை மாற்றித் தருகிறது. உங்கள் கூடையைக் கொண்டுபோய் வெளிநாட்டுக் கடற்கரையில் வைக்கிறது. அப்படி மாற்றும்போது ஓலையின் முனைகளைத் தானாகவே சீவிவிடுகிறது, சாயத்தின் நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறது. அரக்கு நிறம் என்று நம்பி வாங்கியவர் வீட்டுக்குக் கத்தரிப்பூ நிறம் போய்ச் சேர்ந்தால் பொருள் திரும்பி வரும், அவர் திரும்பி வரமாட்டார். எனக்கு இதில் நடுநிலை கிடையாது. வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த நேரத்தை வேறொன்றுக்குச் செலவிடுங்கள். கடைக்கு நேரில் வருகிறவர் என்ன செய்கிறார்? ஓலைக் கொட்டானைக் கையிலெடுத்துக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார். உள்ளே எட்டிப் பார்க்கிறார். பிடியை இழுத்துப் பார்க்கிறார். அளவு தெரிய ஒரு கை அதைப் பிடித்திருக்கும் படம், அடிப்பாகம், உட்புறம், பிடி இணையும் முடிச்சு, இவற்றை எடுங்கள். இவற்றுக்கும் அதே சன்னல், அதே அட்டை. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து. ஓலைப்பெட்டி விற்கும் தம்பி ஒருவர் அடிப்பின்னலின் படத்தைச் சேர்த்த பிறகு, “கனம் தாங்குமா?” என்ற கேள்வி தனக்கு வருவதே நின்றுபோயிற்று என்றார்.