குடும்பத்தில் யாருக்காவது?

பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தும் தோல் பதனிடும் ஷாப்புகளில் உழைத்தும் உங்களைப் படிக்கவைத்த பெற்றோர்களுக்கு என் முதல் வாழ்த்து.

நான் மனநல மருத்துவன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மாணவனாக இருந்தபோது கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்குப் போவோம். அங்கே சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்வார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்து சி.எம்.சி. மருத்துவர்கள் 2004-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 10 முதல் 19 வயதுக்குள், ஆண்டுக்கு லட்சம் பெண்களில் 148 பேரும் லட்சம் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். போலீஸ் பதிவுகளிலிருந்து வரும் அரசுக் கணக்கில் அப்போது நாட்டின் சராசரி லட்சத்துக்கு 11 அளவில்தான் இருந்தது. போலீசிடம் சொல்லாததைத் திண்ணையில் சொல்லியிருக்கிறார்கள்.

மறைப்பதால் என்ன கெடும்? வேலூர் பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவரும் தங்குவார். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் கடும் மனச்சோர்வோடு அங்கே வந்தாள். “அப்பா எப்படி இறந்தார்?” என்று கேட்டேன். “நெஞ்சு வலிங்க சார்” என்றாள். மருந்து கொடுத்தும் தேறவில்லை. ஒரு மாலை அவள் அம்மா தனியே வந்தார். “சார், அது நெஞ்சு வலி இல்லீங்க. சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதான் சொல்லல.” பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவர் கணவர் சில மாதங்கள் தூக்கமில்லாமல், கடன் வாங்கி ஊருக்கே செலவு செய்வாராம். சில மாதங்கள் பாயைவிட்டு எழமாட்டாராம். மகளிடமும் இருந்தது அதே இருமுனை நோய். லித்தியம் தொடங்கினோம். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாக நன்கு ஆராயப்பட்ட மருந்து அது. அவள் மீண்டும் வேலைக்குப் போனாள்.

குடும்பத்தில் நடந்ததை மருத்துவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஸ்வீடனில் ஆய்வாளர் மேரி ஆஸ்பெர்க் 1976-இல் மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரை ஆராய்ந்தார். மூளையின் வேதிப்பொருளான செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைந்திருந்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் அதிகம் இருந்தன. டென்மார்க்கில் தற்கொலையால் இறந்த தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வளர்த்த குடும்பத்தைவிடப் பெற்ற குடும்பத்தில்தான் தற்கொலைகள் கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் தற்கொலைக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. யார் இறப்பார் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கடன், குடி, அடி உதை, தனிமை எல்லாம் சேர்ந்துதான் அபாயம் முற்றுகிறது. இவற்றில் பலவற்றை மாற்ற முடியும்.

“எங்கள் வீட்டில் சர்க்கரை உண்டு” என்று பந்தியில்கூடச் சொல்கிறோம். குடும்பத்தில் நடந்த தற்கொலையையும் மருத்துவரிடம் அப்படிச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. சட்டம் மாறிவிட்டது, சம்பந்தம் பேசும் வீடுகள் மாறவேண்டும். நாளை உங்கள் வீட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கும்போது, இப்படியொரு மரணம் நடந்த வீடு என்று யாராவது ஒதுக்கினால், பட்டம் படித்த நீங்கள் எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

இப்போது எல்லோரும் போனை எடுங்கள். 14416. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும், தமிழில், கட்டணமில்லாமல் பேசலாம். பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒருவர் வாடியிருந்தால் அவரோடு உட்கார்ந்து கூப்பிடுங்கள். நீங்கள் ஒவ்வொருவரும் நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.