வாரத் தவணையும் மாசி அறுவடையும்

(மட்டக்களப்புப் படுவான்கரையில் நடைபெற்ற மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெண் தொழில் செய்வது புதுமையன்று. பாய் இழைப்பவளும், தறி நெய்பவளும், தயிர்ச் சட்டியோடு சந்தைக்குச் செல்பவளும் நம் வீட்டுப் பெண்களே. இவர்களுக்கு வியாபாரம் தெரியாது, பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வருவோர் கூறுகின்றனர். நான் அதை ஒப்புக்கொள்ளேன். தெரியாதிருப்பது கடன் கொடுப்பவனுக்கே.

நெல் அவித்து அரிசி விற்பவளை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் மலிவாகக் கிடைக்கும்போது அவள் வாங்கிச் சேர்க்க வேண்டும். வெயிலுள்ள மாதங்களில் அவித்துக் காயவைத்துக் குற்ற வேண்டும். விலை ஏறும்போது விற்க வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடை மழை பிடித்தால் முற்றத்தில் ஒரு பாய் நெல்லும் காயாது. நுண்கடன் நிறுவனத்தின் தவணையோ கடன் எடுத்த மறுவாரமே தொடங்கி, மழையிலும் தவறாமல் வருகிறது. தவணைக்காக அவள் நெல்லை மலிவிலேயே விற்றுவிடுகிறாள். மழைக்காலத் தவணைக்கு இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுக்கிறாள்.

வட்டிக் கணக்கையும் பாருங்கள். 50,000 ரூபா கடன். வாரம் 1,200 ரூபாவாக 50 வாரம் கட்டினால் 60,000. நூற்றுக்கு 20 வட்டிதானே என்பார்கள். ஆனால் முதல் வாரந்தொட்டு முதலும் குறைந்து வருகிறது. ஆண்டு முழுவதும் அவள் கையில் சராசரியாக நின்றது பாதித் தொகையே. ஆகவே உண்மை வட்டி ஏறத்தாழ 40. இது நான் எடுத்துக்கொண்ட மென்மையான உதாரணம். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் யுவான் பப்லோ பொஹஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரை அறவிடப்பட்டதை எடுத்துரைத்தார்.

அவ்வாண்டு அரசாங்கம், வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டியவளுக்கு அதில் என்ன கிடைத்தது? இது நம் மாவட்டத்துத் துன்பம் மட்டுமன்று. 2021 மார்ச் 8ஆம் நாள் ஹிங்குராக்கொடையிலும் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர்.

கமக்காரப் பெருமக்களே, கோபிக்க வேண்டாம். மனைவி கையொப்பமிட்ட கடன் எத்தனை வீடுகளில் வட்டைக்கு உரமாகவும் எண்ணெயாகவும் போயிற்று? கடன்காரன் வாசலுக்கு வரும்போது வீட்டில் நிற்பவள் அவள் மட்டுமே. அவளுக்காகக் குழுப்பிணை நின்ற அயல்வீட்டுப் பெண்ணும் அன்றோடு பகையாகிறாள்.

மட்டக்களப்பிலே குடி தாய்வழி. வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆயினும் அனுமதிப்பத்திரக் காணியில் நிற்கும் வீட்டை வங்கி ஈடாக ஏற்பதில்லை. அரசாங்க உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்கிறது. உத்தியோக நண்பர்களே, அந்த இருவர் நீங்களே! சகோதரிக்குப் பிணை நிற்க அஞ்சும் நீங்கள், அவள் அதிக வட்டிக்குக் கடன்பட்டாள் என்று குறை கூறுவது அழகன்று.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்நாட்டில் 1911இலேயே வந்தது. நம் ஊர்ச் சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் செய்யவேண்டியது இரண்டே. மாசியில் கடன் கொடுத்து, மழை மாதங்களை விலக்கித் தவணை வைக்கட்டும். சேர்த்த நெல்லையே ஈடாக ஏற்று, சங்கக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ளட்டும். நிர்வாக சபையில் நெல் அவிக்கும் பெண்கள் இருந்தால் இதை ஒருவரும் அவர்களுக்கு விளக்கவேண்டியிராது.

தாய்மார்களே, அடுத்த கூட்டத்துக்குத் தவணை அட்டைகளைக் கொண்டுவாருங்கள். இங்குள்ள ஆசிரியர்கள் உங்களோடிருந்து, ஒவ்வோர் அட்டையின் உண்மை வட்டியையும் கணக்கிட்டுத் தருவார்கள்.